ஏற்காடு மலைப்பாதையும் நம் வரிப்பணத்தில் நடக்கும் சாலை ஆராய்ச்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரிலிருந்து வரும் 44, கொச்சிக்குப் போகும் 544, உளுந்தூர்பேட்டைக்குப் போகும் 79 என்று மூன்று தேசிய நெடுஞ்சாலைகள் சேலத்தைத் தொட்டுப் போகின்றன. ஊரையொட்டி எழும் சேர்வராயன் மலையில் 20 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏற்காட்டுப் பாதை ஏறுகிறது. சங்ககிரி லாரிக்காரர்கள், காப்பி எஸ்டேட் தொழிலாளர்கள், டவுன் பஸ்ஸில் பிள்ளைகளை அனுப்பிவிட்டு வீட்டில் காத்திருக்கும் பெற்றோர் என்று பலரும் சாலைப் பாதுகாப்பு பற்றிக் கேட்ட கேள்விகள் இவை. சாலை ஆராய்ச்சிக்கான செலவு நாம் கட்டும் வரியிலிருந்து போகிறது. அங்கே கண்டுபிடித்தது நம் மலைப்பாதைக்கு வந்து சேர்ந்ததா என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அந்த எண்ணத்தோடுதான் பதில்களை எழுதியிருக்கிறேன்.

அரசுப் பணத்தில் சாலை ஆராய்ச்சி செய்வது யார்?

டெல்லியில் 1952 முதல் இயங்கும் மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனம் இதில் மூத்தது. ஒன்றிய அரசின் அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றமான சி.எஸ்.ஐ.ஆர். அமைப்பின் கீழ் வருவது. மாநில அளவில் கிண்டியில் நெடுஞ்சாலைத் துறையின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் சாலைப் பாதுகாப்புக்கென்றே ஒரு சிறப்பு மையம் உண்டு. டெல்லி ஐ.ஐ.டி.யில் விபத்துக் காயங்களைத் தடுப்பது பற்றிப் பல ஆண்டுகளாக ஆய்வு நடக்கிறது. சிக்னல், கேமரா, மென்பொருள் என்று வந்தால் ஒன்றிய அரசின் கணினித் தொழில்நுட்ப ஆராய்ச்சி மையமான திருவனந்தபுரத்து சி-டாக். 2018-இல் ஒன்றிய அரசு 3,660 கோடி ரூபாயில் தொடங்கிய இணையவழி இயற்பியல் அமைப்புகளுக்கான (கணினியும் இயந்திரமும் இணைந்து இயங்கும் அமைப்புகள்) தேசியத் திட்டத்தில் ஐதராபாத் ஐ.ஐ.டி.க்குத் தானியங்கி வாகன ஆய்வு மையம் கிடைத்தது.

கார் கம்பெனிகளே ஆராய்ச்சி செய்யட்டுமே, அரசு எதற்குச் செலவழிக்க வேண்டும்?

கம்பெனி தன் காரை வாங்குகிறவரைக் காப்பாற்ற ஆராயும், அதில் தவறில்லை. ஆனால் நம் நாட்டில் சாலையில் சாகிறவர்களில் பெரும்பாலோர் காருக்குள் இருப்பவர்கள் அல்லர். 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள், 19.5 விழுக்காட்டினர் நடந்து போனவர்கள். நடந்து போகிறவருக்காக ஆராய்ச்சி செய்து எந்தக் கம்பெனியும் லாபம் பார்க்க முடியாது. வளைவில் எந்தத் தடுப்பு நிற்கும், அஸ்தம்பட்டியில் சாலையைக் கடக்கும் பாட்டிக்குப் பச்சை விளக்கு எத்தனை நொடி எரிய வேண்டும் என்பதெல்லாம் பொதுப்பணம் மட்டுமே பதில் தேடித் தரக்கூடிய கேள்விகள்.

தமிழ்நாட்டின் நிலை என்ன?

2022-இல் நாட்டிலேயே அதிக விபத்துகள் பதிவான மாநிலம் நம்முடையது: 64,105. உயிரிழப்பு 17,884; உத்தரப்பிரதேசத்துக்கு அடுத்த இடம்.

விபத்து நடந்த இடத்தில் போலீஸ்காரர் செல்போனில் ஏதோ பதிகிறாரே, அது எதற்கு?

சென்னை ஐ.ஐ.டி. வடிவமைத்து, தேசியத் தகவலியல் மையம் நடைமுறைப்படுத்திய ஒருங்கிணைந்த சாலை விபத்துத் தரவுத்தளம் அது. 2021-இல் ஆறு மாநிலங்களில் தொடங்கியது. தமிழ்நாடு அதில் ஒன்று. இடத்தின் துல்லியமான புள்ளி, படங்கள், வண்டி விவரம் எல்லாம் ஏறும். போலீசுக்குப் பின் நெடுஞ்சாலைத் துறை, வட்டாரப் போக்குவரத்து அலுவலகம், மருத்துவமனை ஆகியவையும் தத்தம் பங்கை நிரப்ப வேண்டும். முன்பு முதல் தகவல் அறிக்கையில் 'ஓட்டுநரின் கவனக்குறைவு' என்ற ஒரு வரியோடு கதை முடிந்துவிடும். சாலையின் குறை அதில் ஏறவே ஏறாது. இப்போது ஒரே இடத்தில் விபத்துகள் குவிந்தால் வரைபடத்தில் தெரிந்துவிடுகிறது.

மலைப்பாதைக்கு இது மட்டும் போதாது என்பது என் கருத்து. 500 மீட்டர் நீளத்துக்குள், மூன்று ஆண்டுகளில், உயிரிழப்போ கொடுங்காயமோ ஏற்படுத்திய 5 விபத்துகள் அல்லது 10 மரணங்கள் இருந்தால்தான் அந்த இடம் 'கரும்புள்ளி' என்று கணக்காகும். நெடுஞ்சாலைக்கு இந்த அளவுகோல் சரி. வண்டி குறைவாக ஓடும் மலைப்பாதையில் ஆபத்தான வளைவுகூட இந்த எண்ணிக்கையை எட்டாமல் தப்பிவிடும். பிறகு ஒருநாள் ஒரே பேருந்தில் பலர் போவார்கள். உரசிப் போனவை, தடுப்பில் முட்டி நின்றவை, நூலிழையில் தப்பியவை எல்லாவற்றையும் எண்ணினால்தான் மலையின் உண்மையான ஆபத்து தெரியும்.

மலையிலிருந்து இறங்கும்போது பிரேக் ஏன் பிடிக்காமல் போகிறது?

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். 2024 ஏப்ரல் 30 அன்று ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கிய தனியார் பேருந்து பள்ளத்தில் கவிழ்ந்து உயிர்களைப் பறித்த பிறகு இன்னும் அதிகமாகக் கேட்கிறார்கள். அந்த விபத்தின் காரணத்தைப் பற்றி இங்கே பேசவில்லை. இறங்கும் எந்த வண்டிக்கும் பொதுவான இயற்பியலைச் சொல்கிறேன்.

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சேலம் 300 மீட்டருக்குச் சற்றுக் கீழே. 1,200 மீட்டர் வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். ஆட்களோடு 15 டன் எடையுள்ள பேருந்து அவ்வளவு உயரம் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 49 யூனிட். இரண்டு மாதத்துக்கு அரசு நமக்கு இலவசமாகத் தரும் 100 யூனிட் மின்சாரத்தில் பாதி. அத்தனையும் முக்கால் மணி நேரத்துக்குள் எங்காவது போய்த் தீர வேண்டும். டயர் உராய்வும் காற்றும் கொஞ்சம்தான் எடுத்துக்கொள்ளும். மீதியை எஞ்சின் தாங்குகிறதா, சக்கரத்து பிரேக் தாங்குகிறதா என்பதில்தான் உயிர் இருக்கிறது.

கீழ் கியரில் இறக்கினால் எஞ்சின் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். மேல் கியரில் விட்டு, காலை பிரேக்கிலேயே வைத்துத் தேய்த்துக்கொண்டு வந்தால் சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிரம் பழுக்கச் சூடேறும். அதில் உரசிப் பிடிக்கும் லைனிங் சூடேறினால் பிடிப்பு குறைந்துவிடும். ஆயில் பிரேக் உள்ள கார், வேன்களில் இன்னொரு ஆபத்தும் சேரும். பழைய பிரேக் ஆயில் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். சூட்டில் அது கொதித்து ஆவியானால் மிதி தரை வரைக்கும் போகும், வண்டி நிற்காது. ஏர் பிரேக் வண்டியிலோ, அடிக்கடி மிதித்து மிதித்து விட்டால் தொட்டியில் காற்று குறையும்.

இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். பாதி வழியில் வேகம் ஏறிய பிறகு குறைக்கப் போனால் கியர் விழாமல் நடுவில் நின்றுவிடலாம். பிரேக்கை அழுத்தமாக, குறைந்த நேரம் மிதித்து, முழுதாக விட வேண்டும். கருகிய வாடை வந்தால் அகலமான இடம் பார்த்து நிறுத்தி ஆறவிட வேண்டும், தண்ணீர் ஊற்றக் கூடாது. மலையில் ஓடும் எல்லாப் பேருந்துக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கோ ரிடார்டரோ (சக்கரத்து பிரேக்கைத் தொடாமலே வேகத்தைக் குறைக்கும் கருவிகள்) நல்ல நிலையில் இருக்கிறதா என்று தகுதிச் சான்று தரும்போதே ஓட்டிப் பார்த்துச் சோதிப்பது என்னைப் பொறுத்தவரை முதல் தேவை. இந்த அறிவு ஆய்வகங்களில் பல பத்தாண்டுகளாகக் கிடக்கிறது. அடிவாரத்தில் ஒரு பலகையாகவும், மலை உச்சியில் ஒரு பரிசோதனைச் சாவடியாகவும் அது மாறினால் உயிர்கள் மிஞ்சும்.

நியூட்ரலில் இறக்கினால் டீசல் மிச்சமாகுமா?

ஆகாது. கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்றைய எஞ்சின் எரிபொருளையே நிறுத்திவிடும், சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் எஞ்சின் தானே ஓட எரிபொருள் வேண்டும். மிச்சமும் இல்லை, பிடிப்பும் இல்லை.

கொண்டை ஊசி வளைவை எப்படி அமைக்க வேண்டும் என்று விதி உண்டா?

உண்டு. சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்த மலைச்சாலை நெறிகளின்படி வளைவின் உட்புற ஆரம் குறைந்தது 14 மீட்டர் இருக்க வேண்டும், மணிக்கு 20 கி.மீ. வேகத்துக்காவது வடிவமைக்க வேண்டும். வளைவுக்குள் சாய்வு 40-க்கு 1-ஐ (40 மீட்டர் தூரத்துக்கு 1 மீட்டர் ஏற்றம்) விடச் செங்குத்தாகக் கூடாது. வளைவில் வண்டி கொஞ்சம் மூச்சுவிடச் சமதளம் போல இருக்க வேண்டும் என்பதுதான் உள்ளர்த்தம்.

பழைய மலைப்பாதைகள் சிறிய வண்டிகளின் காலத்தில் வெட்டப்பட்டவை. நீளமான பேருந்து திரும்பும்போது எதிர்ப்பக்கத்தையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் குறுகலான மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்று சாலை விதிகள் சொல்கின்றன. வெளியூரிலிருந்து வரும் பலருக்கு இது தெரிவதில்லை. கோடை விழா நாட்களில் அடிவாரம் வழியாக ஏற்றி, ஏற்காட்டின் இன்னொரு பாதையான குப்பனூர் வழியாக இறக்கும் ஒருவழி ஏற்பாடு நடக்கும்போது எதிரெதிர் மோதல் என்ற பேச்சே எழாது. வார இறுதிகளிலும் நெரிசல் நேரத்தில் இதைச் சோதித்துப் பார்த்து, குப்பனூர் பாதையில் இருக்கும் ஊர்க்காரர்களுக்கு என்ன சிரமம் வருகிறது என்பதையும் அளந்து, முடிவை வெளியிட்டால் நல்லது. பெரிய செலவில்லாத ஆராய்ச்சி இது.

தொப்பூர் பற்றி?

பெங்களூர் நெடுஞ்சாலையில் வரும் அந்தக் கணவாய் தருமபுரி மாவட்ட எல்லை என்றாலும் சேலத்துக்காரர்கள் அனைவரும் கடக்கும் இடம். நெடுந்தூரம் இறங்கி வந்து பிரேக் சூடான லாரிக்கு, கடைசியில் வளைவு வருகிறது. மேலே சொன்ன ஆற்றல் கணக்கு அங்கே 15 டன் பேருந்துக்கு அல்ல, அதைவிடக் கனமான சரக்கு லாரிகளுக்குப் பொருந்தும். வளைவான இறக்கத்துக்குப் பதில் உயர்மட்டச் சாலை அமைக்கும் திட்டத்தைத் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் எடுத்திருக்கிறது.

பிளாஸ்டிக் ரோடு நம் மலைக்கு ஒத்து வருமா?

இது தமிழ்நாட்டிலேயே பிறந்தது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ஆர்.வாசுதேவன் உருவாக்கியது, 2006-இல் காப்புரிமை, 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ. ஜல்லியைச் சுமார் 160–170 டிகிரிக்குச் சூடாக்கி, துண்டாக்கிய பிளாஸ்டிக்கை அதன் மேல் தூவினால் அது உருகி ஜல்லியைப் பூசிக்கொள்ளும். பிறகு தார் சேர்க்கிறார்கள். பூசிய ஜல்லிக்குள் தண்ணீர் புகுவது குறையும், தாரும் நன்றாக ஒட்டும். தாரில் 8 முதல் 10 விழுக்காடு வரை மிச்சமாகும். இந்திய சாலைக் காங்கிரஸ் 2013-இல் இதற்கு வழிகாட்டி நூல் வெளியிட்டது.

நம் தார்ச்சாலைகளைக் கெடுப்பது பெரும்பாலும் மழைநீர்தான், அதனால் ஏற்காட்டுக்கு இது பொருத்தமாகவே தோன்றுகிறது. சுற்றுலா வருவோர் விட்டுப் போகும் பைகளுக்கும் ஒரு வழி பிறக்கும். ஆனால் கையில் கிடைத்த பிளாஸ்டிக்கையெல்லாம் போடக் கூடாது. பி.வி.சி. சூடானால் நச்சு வாயு கிளம்பும், அதைப் பிரித்து ஒதுக்கியாக வேண்டும். தேய்மானத்தில் நுண்பிளாஸ்டிக் மண்ணில் கலக்கிறதா என்பதும் ஆராய வேண்டிய கேள்வி. காப்பித் தோட்டத்துக்கும் ஓடைக்கும் நடுவே போகும் சாலையில் அந்தச் சோதனையைச் செய்யச் சொல்லிக் கேட்பது நம் கடமை.

எஃகு ஆலைக் கழிவில் சாலை போடலாமாமே? சேலத்தில்தான் ஆலை இருக்கிறதே?

மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில், 2022-இல் சூரத் அருகே ஹசிராவில் ஜல்லிக்குப் பதில் முழுக்க எஃகுக் கசடு வைத்து ஆறுவழிச் சாலை போட்டார்கள். கனரக லாரிகள் ஓடும் சாலை அது. மலையை உடைத்து ஜல்லி எடுப்பது குறையும் என்பதால் சேர்வராயன், கஞ்சமலை அடிவாரத்தில் இருக்கும் நமக்கு இதன் அருமை தெரியும். ஒரு எச்சரிக்கை உண்டு. சேலம் உருக்காலை துருப்பிடிக்காத எஃகு செய்கிறது. அந்த வகைக் கசடில் குரோமியம் இருக்கும். தண்ணீரில் கரைந்து வெளியேறுகிறதா என்று பரிசோதிக்காமல் சாலைக்கடியில் போடக் கூடாது. சாதாரண எஃகின் கசடுக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு என்பதைத் தெரிந்துகொண்டு கேட்க வேண்டும்.

மின்சாரப் பேருந்து ஏற்காடு ஏறுமா?

ஏறும். இறங்குவதில்தான் அதன் உண்மையான பயன் இருக்கிறது.

ஏற்றத்துக்கு அதே 49 யூனிட், அதோடு உராய்வு, மோட்டார் இழப்பு எல்லாம் சேர்த்துச் சுமார் 65 யூனிட் செலவாகும் என்பது என் கணக்கு. இன்றைய பெரிய மின்பேருந்துகளில் 200 யூனிட்டுக்கு மேல் கொள்ளும் பேட்டரிகள் சாதாரணம். இறங்கும்போது மோட்டாரே டைனமோவாக மாறி வண்டியைப் பிடிக்கும், 25 முதல் 30 யூனிட் வரை பேட்டரிக்குத் திரும்பும். டீசல் பேருந்தில் டிரம்மைச் சுட்டெரித்த அதே ஆற்றல் இங்கே அடுத்த ஏற்றத்துக்கு உதவுகிறது. சக்கரத்து பிரேக் அவசரத்துக்கென்று குளிர்ச்சியாக இருக்கும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. பேட்டரி நிரம்பியிருந்தால் திரும்பி வரும் மின்சாரத்துக்கு இடமில்லை, அந்தப் பிடிப்பு கிடைக்காது. ஆகவே சார்ஜ் ஏற்றும் நிலையத்தை ஏற்காட்டில் வைத்து முழுதாக நிரப்பி இறக்குவது தவறு. அடிவாரத்திலோ சேலத்திலோ வைக்க வேண்டும். சமவெளி நகரத்துக்கு எழுதிய திட்டத்தை அப்படியே மலைக்கு ஒட்டவைத்தால் இது விட்டுப்போகும். மலைப்பாதைக்கென்று ஒரு சோதனை ஓட்டம் நடத்தி, ஒவ்வொரு வளைவிலும் பிரேக் சூடு எவ்வளவு, திரும்பிய மின்சாரம் எவ்வளவு என்று அளந்து வெளியிட வேண்டும். நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை எல்லாவற்றுக்கும் அந்தத் தரவு பயன்படும்.

சேலம் ஐந்து ரோடு சந்திப்புக்கு ஸ்மார்ட் சிக்னல் வந்தால் நெரிசல் தீருமா?

ஓரளவுக்கு. வெளிநாட்டுக் கணக்குகள் வண்டிகள் வரிசையில் போகும் என்று நம்பி எழுதப்பட்டவை. நம் ஊரில் பைக்கும் ஷேர் ஆட்டோவும் டவுன் பஸ்ஸும் இடம் கண்ட பக்கம் நுழையும். இந்தக் கலப்புப் போக்குவரத்துக்கென்றே சென்னை ஐ.ஐ.டி. உள்ளிட்ட இடங்களில் ஆய்வு நடக்கிறது. ஒன்றிய மின்னணுவியல் அமைச்சகத்தின் பணத்தில் சி-டாக் உருவாக்கிய பேருந்து முன்னுரிமை சிக்னல் 2022-இல் அறிமுகமானது. 50 பேர் இருக்கும் பேருந்து வருவதை உணர்ந்து பச்சையை நீட்டிக்கும். பழைய பஸ் ஸ்டாண்டுக்கும் புதிய பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவே முதலில் வர வேண்டியது இதுதான் என்பேன். கார்களுக்கு நேரம் மிச்சப்படுத்துவது அதற்குப் பிறகு.

ஆளில்லாத கார்?

ஐதராபாத்தில் சோதனைக்களம் இருக்கிறது. கொண்டை ஊசி வளைவுக்கு அது நெருங்க நெடுங்காலம் ஆகும். ஓட்டுநரை எச்சரிக்கும் கருவிகள் அதற்கு வெகு முன்பே பயன்படும்.

பேருந்தே சரியாக வராத மலைக்கிராமத்துக்கு ஸ்மார்ட் போக்குவரத்து எதற்கு?

நியாயமான கோபம். நாகலூர், வெள்ளக்கடைப் பக்கம் இருக்கிறவர் சேலம் அரசு மருத்துவமனைக்கு வந்து திரும்ப ஒரு நாள் முழுதும் ஆனால், அதுவும் போக்குவரத்து ஆராய்ச்சிக்குரிய கேள்விதான். எந்த நேரத்தில் யாருக்கு எங்கே போக வேண்டியிருக்கிறது என்று வீடுவீடாகக் கேட்டு, அதற்கேற்ப மினி பஸ் நேரத்தை அமைக்க எந்தச் செயற்கைக்கோளும் தேவையில்லை. கடைசி பஸ் போய்விட்டால் பைக்கில் மூன்று பேர் ஏறுகிறார்கள். ஆக, பேருந்து நேரம் என்பதே பாதுகாப்புத் திட்டம்தான். இந்த வகை ஆய்வுக்குப் போதிய பணம் ஒதுக்கப்படவில்லை என்பது என் ஆழ்ந்த வருத்தம்.

மழைக்காலத்தில் மண் சரிகிறதே?

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது பாதை பட்ட பாட்டைப் பார்த்தோம். சரிவுக்குள் இரும்புக் கம்பிகளைத் துளையிட்டு இறக்கி, மேலே புல் விதை தெளித்து மண்ணைக் கட்டும் முறையை நெடுஞ்சாலைத் துறை நீலகிரியில் செய்திருக்கிறது. தென்னை நார் விரிப்பு இன்னொரு நல்ல வழி. வேர் பிடிக்கும் வரை மண்ணைத் தாங்கிப் பிறகு மட்கிவிடும். சேலத்துச் சுற்றுவட்டத்தில் தென்னை நாருக்குப் பஞ்சமில்லை. இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஓரக் கால்வாயைத் தூர்வார வேண்டும்; நீருக்கு வழியில்லாவிட்டால் எந்தத் தொழில்நுட்பமும் நிற்காது.

ஹெல்மெட் உண்மையிலேயே காப்பாற்றுமா?

பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் மரண ஆபத்தை 42 விழுக்காடும், தலைக்காயத்தை 69 விழுக்காடும் குறைப்பது உறுதியாகியிருக்கிறது. வார் கட்டாத ஹெல்மெட் வளைவிலேயே கழன்று ஓடிவிடும். பின்னால் உட்காரும் தங்கைக்கும் அம்மாவுக்கும் அதே தலைதான்.

விபத்தில் அடிபட்டவரைத் தூக்கினால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டுமா?

வேண்டாம். 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 134-ஏ பிரிவு உதவுகிறவரைக் காக்கிறது. பெயரைச் சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது. 108-ஐ அழையுங்கள். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமில்லாமல் கிடைக்கும். எந்த ஊர்க்காரர் என்று பார்ப்பதில்லை.

எங்கள் ஊர் வளைவில் தடுப்பு இல்லை. யாரிடம் சொல்வது?

மாவட்ட ஆட்சியர் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு இருக்கிறது, அதற்கு மனு கொடுங்கள். 'சாலை மோசம்' என்று பொதுவாக எழுதாதீர்கள். வளைவு எண், கி.மீ. கல், பகல்-இரவுப் படம், நடந்த சம்பவங்களின் தேதி ஆகியவற்றைச் சேருங்கள். சாலை வடிவமைப்பு நெறிகளைப் பின்பற்றாத ஒப்பந்ததாரருக்கும் பொறுப்பு அதிகாரிக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 198-ஏ பிரிவு இடம் தருகிறது. மனுவில் அதைக் குறிப்பிடலாம். கடைசியாக எப்போது பாதுகாப்புத் தணிக்கை நடந்தது, அறிக்கை எங்கே என்று 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

நான் சேலத்தில் பொறியியல் படிக்கிறேன். புராஜெக்டுக்கு ஏதாவது சொல்லுங்கள்.

ஒரு வளைவின் முன் பாதுகாப்பான இடத்தில், காவல்துறைக்குச் சொல்லிவிட்டு, சாலையோரம் 30 மீட்டர் இடைவெளியில் இரண்டு குறிகள் போடுங்கள். ஒவ்வொரு வண்டியும் அதைக் கடக்கும் நேரத்தைச் செல்போன் வீடியோவில் எடுங்கள். 5.4 நொடிக்குக் குறைவாகக் கடந்தால் அது 20 கி.மீ.யைத் தாண்டிய வண்டி. 3 நொடியென்றால் 36 கி.மீ. நூறு இறங்கும் வண்டிகளை மெதுவானதிலிருந்து வேகமானது வரை அடுக்கி 85-ஆவது வண்டியின் வேகத்தைப் பாருங்கள். வேகக் கட்டுப்பாட்டை முடிவு செய்யப் பொறியாளர்கள் பார்ப்பது அந்த எண்ணைத்தான். சராசரி வேகம் 1 விழுக்காடு கூடினால் உயிர்ப்பலி ஆபத்து சுமார் 4 விழுக்காடு கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். காலை, மாலை, மழை நாள், ஞாயிறு என்று தனித்தனியாக எடுத்து, கிடைத்த அட்டவணையை அந்தச் சாலைப் பாதுகாப்புக் குழுவிடமே கொண்டுபோய்க் கொடுங்கள்.